மலிவான கார்பன் பிரேமில் எது மலிவு?

தஞ்சாவூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 60 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து நாகப்பட்டினம் கடற்கரைக்குச் சாலைவழி ஏறத்தாழ 80 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூடச் சரிவில்லாத இந்தத் தட்டையில்தான் காவிரி வெண்ணாறும் குடமுருட்டியும் அரசலாறுமாகப் பிரிந்து, அவசரமில்லாமல் கடலுக்குப் போகிறது. சைக்கிளில் போகிறவர் வழியில் ஏற வேண்டிய மலைகள் இரண்டே வகை: ரயில்வே மேம்பாலம், ஆற்றுப் பாலம்.

இப்படிப்பட்ட ஊரில் சைக்கிளுக்குக் கார்பன் இழையால் செய்த உடற்சட்டம், அதாவது கார்பன் பிரேம், எதற்கு? பாபநாசத்தில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் இதைத்தான் முதலில் கேட்டேன். நாற்பதைத் தாண்டியவர், காலை ஐந்து மணிக்குக் கிளம்பித் திருவையாறு வரை போய்த் திரும்புகிறவர். "ஆசை, வேறென்ன?" என்றார். நேர்மையான பதில். ஆனால் அடுத்து அவர் கேட்ட கேள்விதான் என்னை இந்தக் கட்டுரை வரை கொண்டுவந்தது. பெரிய நிறுவனங்களின் உச்சரக பிரேமும், முன்சக்கரத்தைப் பிடிக்கும் போர்க்கும் சேர்ந்த செட் 5,000 டாலரைத் தாண்டுகிறது. சீனாவிலிருந்து பெயரில்லாமல் வரும் செட் 400 முதல் 600 டாலருக்குக் கிடைக்கிறது. இழையும் அதேதான், பிசினும் அதேதான் என்கிறார்கள். அப்படியென்றால் மீதிப் பணம் எங்கே போகிறது?

முதலில் எடை என்ற மயக்கத்தை ஒரு கணக்கால் தெளியவைத்துவிடலாம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ, வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர், சமதளம் என்று வைத்துக்கொள்வோம். அந்த வேகத்தில் காற்றைக் கிழித்துப் போவதற்கு மட்டும் சுமார் 120 வாட் செலவாகிறது. பிரேமில் அரைக் கிலோ குறைத்தால் மிச்சமாவது 0.2 வாட். சுமாரான டயரைக் கழற்றிவிட்டு உருளும்போது குறைவாக இழுக்கும் நல்ல டயர் போட்டால் மிச்சமாவது பத்து வாட்டுக்கும் மேல். ஆடி மாதத்தில் நாகையிலிருந்து மேற்கே திரும்பிப் பார்த்தவர்களுக்கு இதை வாட்டில் சொல்லவே தேவையில்லை. அம்மியைப் பறக்கவிடும் காற்றுக்கு முன்னால் அரைக் கிலோ எந்த மூலைக்கு? எடைக்காகக் கார்பன் வாங்குவது ஏலகிரிக்காரருக்கு நியாயம். டெல்டாக்காரருக்கு ஆசை மட்டுமே. ஆசை தப்பில்லை, அதற்குக் கணக்கு காட்டுவதுதான் தப்பு.

சரி, பொருளுக்கு வருவோம். கார்பன் இழை ஒன்றின் தடிமன் சுமார் 7 மைக்ரான், தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு. ஜப்பானின் டோரே நிறுவனம் 1971 முதல் இதை வணிகமாகத் தயாரிக்கிறது. டி700, டி800, டி1000 என்று விளம்பரங்களில் வரும் எண்கள் பெரும்பாலும் அந்த நிறுவனம் தன் இழைகளுக்கு வைத்த பெயர்களே. டி700 இழையின் விறைப்பு 230 கிகாபாஸ்கல், எஃகை விடச் சற்று அதிகம். அடர்த்தியோ எஃகில் கால் பங்குக்கும் குறைவு. அதிசயம் அவ்வளவுதான். ஆனால் இந்த எண் இழைக்கு உரியது. பிரேம் என்பது இழையும் பிசினும் சேர்ந்தது.

கொள்ளிடக் கரையில் மூங்கில் வெட்டுகிறவரிடம் கேட்டால் மீதியைச் சொல்லிவிடுவார். மூங்கிலை நீளவாக்கில் இழுத்து அறுக்க யாராலும் முடியாது. அதே மூங்கிலின் தலையில் கத்தியை வைத்து ஒரு தட்டுத் தட்டினால் நார்வாக்கில் பிளந்துகொண்டு போகும். இழை ஓடும் திசையில் பலம், குறுக்கே பலவீனம். ஒரே திசையில் இழை அடுக்கிய கார்பன் தகட்டில் குறுக்குவாட்டு விறைப்பு நீளவாட்டு விறைப்பில் ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்குதான். ஆகவே ஒவ்வொரு குழாயிலும் எந்த அடுக்கு நேராக, எது 45 பாகை சாய்ந்து, எது குறுக்கே, எத்தனை அடுக்கு என்று தீர்மானிப்பதில்தான் பிரேமின் உயிர் இருக்கிறது. பெடலை மிதிக்கும்போது கீழ்க்குழாய் முறுகும்; அதற்குச் சாய்ந்த அடுக்கு வேண்டும். மேடுபள்ளத்தில் பின்பக்கத் தண்டுகள் வளையும். அதற்கு நேரான அடுக்கு வேண்டும். டி1000 இழையைத் தப்பான கோணத்தில் அடுக்கியவரை விட, டி700 இழையைச் சரியான கோணத்தில் அடுக்கியவரின் பிரேம் நூறு மடங்கு மேல். விளம்பரத்தில் எண்ணை மட்டும் பெரிதாகப் போட்டு, அடுக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாதவரிடம் கொஞ்சம் விலகியே நில்லுங்கள்.

பளபளக்கும் கட்டம்போட்ட நெசவு பற்றியும் ஒரு வார்த்தை. திருபுவனம் பட்டு நெய்கிறவர்கள் பாவு, ஊடை என்பார்கள். பிரேமின் பாரத்தைத் தாங்கும் அடுக்குகளில் பெரும்பாலும் பாவு மட்டும்தான், ஊடை கிடையாது. இழைகள் ஒரே திசையில் படுத்திருக்கும், அவற்றைப் பிசின் பிடித்துக்கொண்டிருக்கும். மேலே தெரியும் கட்டம்போட்ட நெசவு பல பிரேம்களில் புடவைக் கரையைப் போன்றது. கண்ணுக்கு அழகு, சுமைக்குப் பெரிதாக உதவாது. துளையிடும் இடங்களில் மட்டும் அந்த நெசவு இழை பிரிவதைத் தடுக்கும்.

இந்தத் தகடுகள் பிசின் ஏற்கெனவே ஊறிய நிலையில் சுருள்களாக வருகின்றன. உறைநிலைக்கும் கீழே, சுமார் மைனஸ் 18 பாகையில் பாதுகாக்க வேண்டும்; வெளியே எடுத்துவைத்த ஒவ்வொரு மணி நேரமும் அவற்றின் ஆயுளில் கழியும். தொழிலாளர்கள் இவற்றை நூற்றுக்கணக்கான துண்டுகளாக வெட்டி, ஊதுபையின் மேல் ஒவ்வொன்றாகக் கையால் ஒட்டுகிறார்கள். பிறகு உலோக அச்சுக்குள் வைத்து மூடி, 120 முதல் 150 பாகை வரை சூடாக்கி, உள்ளே பையை ஊதுகிறார்கள். பை உள்ளிருந்து அழுத்த, அடுக்குகள் அச்சின் சுவரோடு நெருங்கி இறுகுகின்றன.

சுவாமிமலையில் ஐம்பொன் வார்ப்பைப் பார்த்தவர்களுக்கு இதன் தலைகீழ் வடிவம் புரியும். அங்கே மெழுகு உருவத்தின் மேல் காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அது விட்டுப்போன வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அதனால் ஒரு அச்சுக்கு ஒரு சிலை. இங்கே ஓர் அச்சில் ஆயிரக்கணக்கான பிரேம்கள். ஒரு அளவுக்கு ஒரு அச்சு வேண்டும். ஆறு அளவு விற்றால் ஆறு அச்சு. அந்தச் செலவை யாரோ ஒருமுறை செய்துவிடுகிறார். அதன்பின் அதே அச்சில் வார்த்ததைப் பத்து விற்பனையாளர்கள் பத்துப் பெயரில், பத்து வண்ணத்தில் விற்கிறார்கள். நண்பர் பார்த்துவைத்திருந்த பிரேமை வேறு மூன்று பெயர்களில் நானே பார்த்தேன்.

விலை வித்தியாசத்தின் முதல் பகுதி இங்கே விளங்கிவிடுகிறது. பந்தய அணிகளுக்குக் கொடுக்கும் ஆதரவுத்தொகை இல்லை, காற்றுச் சுரங்கச் சோதனை இல்லை, இறக்குமதியாளர் லாபம் இல்லை, ஊர் ஊராகக் கடை இல்லை. இவற்றில் எதுவும் குழாய்க்குள் இருப்பதில்லை. இவற்றுக்குப் பணம் கொடுக்காமல் இருப்பது புத்திசாலித்தனம். கண்ணுக்குத் தெரியாமல் குறையும் இன்னொன்றுதான் முக்கியம்: பார்வையிடும் ஆள். அச்சிலிருந்து வெளிவந்த ஒவ்வொரு பிரேமையும் எடுத்து, உள்ளே விளக்கடித்து, மடிப்பு இருக்கிறதா, பிசின் தேங்கியிருக்கிறதா, கோணம் நேராக இருக்கிறதா என்று பார்த்து, சரியில்லாததைக் குப்பையில் போடும் ஆள். அவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், அவர் குப்பையில் போட்டவற்றின் விலையை நல்லவற்றின் மேல் ஏற்றவும் வேண்டும். மலிவான பிரேமில் மலிவாவது பெரும்பாலும் இழை அல்ல, இந்தச் சோதனைதான். ஸ்தபதியின் சிலையில் குறை இருந்தால் அவர் பெயர் கெடும். பெயரே இல்லாத பிரேமில் கெடுவதற்கும் எதுவும் இல்லை. ஆகவே 500 டாலருக்கு வாங்குகிறவர் பிரேமோடு சேர்த்து அந்தப் பார்வையாளரின் வேலையையும் தன் தலையில் வாங்கிக்கொள்கிறார்.

வாங்குவதற்கு முன்பே அந்த வேலை தொடங்குகிறது. ஐ.எஸ்.ஓ. 4210 என்று சைக்கிள் பாதுகாப்புக்கான பன்னாட்டுத் தரம் ஒன்று இருக்கிறது. பந்தய வகைப் பிரேமை அதன்படி சோதிக்கும்போது 1,100 நியூட்டன் விசையால், அதாவது 110 கிலோ ஆள் முழு எடையையும் பெடல் மேல் போடுவது போல, 1,00,000 முறை மிதிக்கவைக்கிறார்கள். 22.5 கிலோ எடையை முன்பக்கத்தின் மேல் விழவைக்கிறார்கள். விற்பனையாளரிடம் நீங்கள் கேட்கும் அதே மாடலின் சோதனை அறிக்கையைக் கேளுங்கள். 'எங்கள் பிரேம்கள் எல்லாம் தேறியவை' என்ற பொதுவாக்கு போதாது. அறிக்கை வந்தாலும் அது சோதனைக்குப் போன மாதிரியைப் பற்றியது, உங்கள் வீட்டுக்கு வரும் பிரேமைப் பற்றியதல்ல என்பதை மறக்கக் கூடாது. பலர் நம்பி ஏமாறும் இன்னொன்று, பன்னாட்டு சைக்கிள் பந்தயச் சங்கமான யு.சி.ஐ.யின் முத்திரை. 2011 முதல் வழங்கப்படும் அந்த முத்திரை, பிரேமின் வடிவமும் அளவும் பந்தய விதிக்குள் இருக்கின்றன என்று சொல்கிறது. உறுதியைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. பெரிய நிறுவனத்தின் பெயரை ஒட்டிப் பத்தில் ஒரு பங்கு விலைக்கு வருவது போலி. பெயரில் பொய் சொன்னவர் அடுக்கில் உண்மை சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது. பெயரே இல்லாத பிரேம் அதை விட எவ்வளவோ மேல்.

அளவுப் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். '52' என்ற எண் ஒவ்வொரு தொழிற்சாலையிலும் ஒவ்வொரு பொருள் தரும். பெடல் அச்சின் மையத்திலிருந்து, கைப்பிடிக்குக் கீழே போர்க்கின் தண்டு நுழையும் தலைக்குழாயின் மேல்விளிம்பு எவ்வளவு உயரம், எவ்வளவு முன்னே இருக்கிறது என்ற இரண்டு அளவுகள்தான் பொய் சொல்லாதவை. இப்போது ஓட்டும் சைக்கிளில் இதே இரண்டையும் சுவரோரம் நிறுத்தி அளந்துவைத்துக்கொண்டால் கண்மூடித்தனமாக வாங்க வேண்டியதில்லை. எதிர்காற்றில் கைப்பிடியைத் தாழப் பிடித்து ஒரு மணி நேரம் குனிந்திருக்க முடிகிறதா என்பதை முடிவுசெய்பவை இவை. அந்தக் குனிவுதான் டெல்டாவில் வேகம். சுங்க வரி பிரேமின் விலைக்கு மட்டுமல்ல, அனுப்பும் செலவையும் காப்பீட்டையும் சேர்த்துப் போடப்படும் என்பதையும் மறக்காமல் கணக்கில் எழுதுங்கள்.

டெல்டாவுக்கென்று நான் பிடிவாதமாக இருக்கும் இரண்டு விஷயங்கள் உண்டு. முதலாவது டயர் இடம். குறைந்தது 30 மில்லிமீட்டர் டயர் நுழைய வேண்டும், 32 என்றால் இன்னும் நல்லது. ஆற்றங்கரைச் சாலைகளின் ஜல்லியும், அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையை அடைத்துக் காயவைத்த நெல்லும் தெரிந்தவர்கள் 23 மில்லிமீட்டர் டயரைப் பற்றிப் பேசமாட்டார்கள். நெல்மணி மேல் திரும்பும் மெல்லிய டயர், உருளைகள் மேல் வைத்த செருப்புக்குச் சமம். இரண்டாவது, பி.பி. என்று கடைக்காரர்கள் சொல்லும் பெடல் அச்சுக் கூடு. பல பிரேம்களில் 41 மில்லிமீட்டர் துளைக்குள் பேரிங்கை வெறுமனே அழுத்திச் செருகுகிறார்கள். துளை ஒரு துளி கோணலாக இருந்தாலும், இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் இல்லாவிட்டாலும், சில வாரங்களில் கிரீச் கிரீச்சென்று புலம்பத் தொடங்கும். பேரிங்கும் சீக்கிரம் தேயும். மலிவான தயாரிப்பில் பிசகுவதற்கு மிகவும் வாய்ப்புள்ள அளவு இதுதான். மரையிட்ட 68 மில்லிமீட்டர் கூடு உள்ள பிரேம் நூறு கிராம் கூடுதலாக இருந்தாலும் அதையே எடுங்கள். அதற்கான கப்பும் சாவியும் நல்ல சைக்கிள் கடை எதிலும் கிடைக்கும், மழைக்காலம் முடிந்ததும் கழற்றித் துடைத்துப் போடலாம்.

கேபிள்களை எல்லாம் தலைக்குழாயின் பேரிங் வழியாக உள்ளே விடும் புதிய பாணியையும் நான் இங்கே விரும்புவதில்லை. படத்தில் அழகு. ஐப்பசி மழையில் நனைந்து பேரிங் துருப்பிடித்தால், ஐந்து நிமிட வேலைக்காக ஹைட்ராலிக் பிரேக் குழாய்களைக் கழற்றி, எண்ணெய் விட்டு, காற்றெடுக்க வேண்டிவரும்.

பெட்டி வந்து சேர்ந்ததும் பிரித்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு எந்த உதிரியையும் பூட்டாமல் இரண்டு மாலைகள் சோதனைக்கு ஒதுக்குங்கள். பூட்டிவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்ளமாட்டார்கள். முதலில் எடை. மளிகைக் கடைத் தராசு போதும். சொன்னதை விட நூறு கிராம் கூடியிருந்தால் பதறாதீர்கள். பெயின்டும் சந்து அடைக்கும் பசையுமாக இருக்கும். சொன்னதை விடக் கணிசமாகக் குறைந்திருந்தால்தான் எனக்குப் பயம். ஏதோ ஒரு அடுக்கு எங்கோ விடுபட்டிருக்கலாம்.

அடுத்து உள்ளே பார்ப்பது. கைப்பேசியில் மாட்டும் சின்னக் குழாய்க் கேமரா இணையக் கடைகளில் மலிவாகவே கிடைக்கிறது. தலைக்குழாயும் கீழ்க்குழாயும் சேரும் இடம், பி.பி. கூட்டைச் சுற்றியுள்ள இடம், போர்க்கின் தண்டு கிளைக்கும் தோள்; இந்த மூன்றையும் நிதானமாகப் பாருங்கள். உள்ளே பையின் கிழிசல் ஒட்டிக்கொண்டிருப்பது அசிங்கம், ஆபத்தில்லை. இழையே அலையலையாக மடிந்து படிந்திருப்பது வேறு. அழுத்தம் வரும்போது அந்த மடிப்பில்தான் விரிசல் தொடங்கும். எஃகு பிரேம் வளைந்து எச்சரிக்கும், பட்டறையில் நிமிர்த்தலாம். கார்பன் வளையாது, தாங்கும் வரை தாங்கிவிட்டு ஒரே நொடியில் முறியும். அதனால்தான் போர்க்கின் தண்டில் மடிப்பு தெரிந்தால் பேரம் பேசாமல் திருப்பி அனுப்பச் சொல்கிறேன். பின்தண்டு முறிந்தால் வண்டி நிற்கும். போர்க் முறிந்தால் முகம் தரையில் இருக்கும்.

தட்டிப் பார்ப்பது மூன்றாவது. ஒரு ரூபாய் நாணயத்தால் குழாய் நெடுக ஒரு விரற்கடைக்கு ஒரு தட்டு. மிருதங்கத்தின் வலந்தலையில் எந்த இடம் இறங்கியிருக்கிறது என்று விரலால் கேட்டுச் சொல்கிறவர்கள் உள்ள ஊர்தானே இது. நன்றாக இறுகிய அடுக்கு கணீரென்று பேசும். அடுக்குகள் பிரிந்த இடம் அட்டையைத் தட்டியது போல மந்தமாக ஒலிக்கும். தனி ஒலியை வைத்து முடிவு செய்யக் கூடாது; குழாய் தடிக்கும்போது இயல்பாகவே ஒலி மாறும். இடப்பக்கத் தண்டில் தட்டிய அதே தொலைவில் வலப்பக்கத்திலும் தட்டி, இரண்டையும் ஒப்பிடுவதே முறை. பி.பி. கூடு போலத் தடித்த இடங்களில் இந்தச் சோதனை எதுவும் சொல்லாது. திருச்சியில் பெல் ஆலையைச் சுற்றி வெல்டிங்கை அல்ட்ராசோனிக் கருவியால் சோதிக்கிறவர்கள் நிறைய இருக்கிறார்களே, அவர்களிடம் கொண்டுபோகலாமா என்று நண்பர் கேட்டார். எஃகுத் தகட்டுக்கு அளவிட்ட கருவியை அப்படியே மெல்லிய கார்பன் அடுக்கின் மேல் வைத்தால் வரும் படத்துக்குப் பொருள் சொல்வது கடினம். நாணயமே போதும் என்றேன்.

நான்காவது, நூல் பிடிப்பது. சுவர் எழுப்பும் கொத்தனார் செய்வதுதான். பின்சக்கர அச்சு நுழையும் ஒரு பக்கத் துளையில் நூலைக் கட்டி, தலைக்குழாயைச் சுற்றி இழுத்து, மறுபக்கத் துளையில் கட்டவும். இருக்கைக் குழாயின் இரு பக்கமும் நூலுக்கு உள்ள இடைவெளியை வெர்னியரால் அளக்கவும். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தை நான் மன்னிப்பேன். மூன்று வந்தால் வண்டி எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்தே ஓடும். அச்சில் பிறந்த பிரேம் எப்படிக் கோணலாகும் என்று கேட்கலாம். முன்முக்கோணமும் பின்தண்டுகளும் தனித்தனியாக வார்க்கப்பட்டுப் பிறகு பசையால் ஒட்டப்படுகின்றன. ஒட்டும்போது பிடித்துவைக்கும் சட்டம் தளர்ந்திருந்தால் போதும். நண்பருக்கு முதலில் வந்த பிரேம் இந்தச் சோதனையில்தான் தோற்றது. நான்கு மில்லிமீட்டர். நூலோடு எடுத்த படத்தை அனுப்பியதும், ஒரு வார வாக்குவாதத்துக்குப் பிறகு வேறு பிரேம் அனுப்பினார்கள். அதில் அரை மில்லிமீட்டர்.

பூட்டுவதில் பெரும்பகுதி எல்லாச் சைக்கிளுக்கும் பொதுவானது, அதைத் தாண்டிப் போகிறேன். கார்பனுக்கென்று கற்றுக்கொள்ள வேண்டியது இறுக்கத்தின் அளவு. இருக்கைத் தண்டுக் கவ்விக்கும் கைப்பிடித் தாங்கிக்கும் வழக்கமாக 5 நியூட்டன் மீட்டர். பிரேமிலோ உதிரியிலோ வேறு எண் அச்சிட்டிருந்தால் அதுவே இறுதி. நம் மெக்கானிக்குகளின் கைக்கு 5 என்பது திருகத் தொடங்கும்போதே தாண்டிவிடும் எண். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வாங்காமல் கார்பன் வாங்குவது, தராசு இல்லாமல் நகைக்கடை வைப்பது போல. கார்பன் குழாய்க்குக் கிரீஸ் போடக் கூடாது, அதற்கென்று மணல் கலந்த பசை ஒன்று விற்கிறது. அதைத் தடவினால் குறைந்த இறுக்கத்திலேயே வழுக்காமல் நிற்கும். போர்க் தண்டை வெட்டும்போது பொடிப்பல் உள்ள வாள், சுற்றிலும் டேப், ஈரத்துணி, முகக்கவசம். அந்தக் கறுப்புத் தூசி தோலில் பட்டால் அரிக்கும், மூச்சில் போனால் கெடுதல். வெட்டுவதற்கு முன் இரண்டு முறை அளக்கவும், ஒரு சென்டிமீட்டர் கூடுதலாகவே விடவும். குட்டையாக வெட்டியதை நீட்டிக்கத் தெரிந்தவர் இன்னும் பிறக்கவில்லை.

கார்பன் துருப்பிடிக்காது என்பது பாதி உண்மை. இழைக்குத் துரு இல்லை. ஆனால் கார்பனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு நீர் சேர்ந்தால் ஒரு சிறு பேட்டரி உருவாகிறது. அதில் அரிக்கப்படுவது அலுமினியம். வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றே அந்த நீரைக் கொண்டுவரும். உள்நாட்டில் நம் வியர்வை போதும். அலுமினிய இருக்கைத் தண்டை ஓராண்டு அப்படியே விட்டால் பிரேமோடு ஒட்டிக்கொண்டு வராது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை உருவித் துடைத்துப் பசை மாற்றிப் போட வேண்டும். பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி போட நேரம் ஒதுக்கும் வீட்டில் இது பெரிய வேலையில்லை.

ஓட்டிப் பார்த்து மதிப்பிடுவது பற்றி எழுத எனக்குத் தயக்கம். காரணம், 'விறைப்பு', 'துடிப்பு' என்று ஓட்டுகிறவர்கள் பிரேமுக்குச் சூட்டும் புகழ்மாலைகளில் பாதி டயரில் அடைத்த காற்றுக்கே சேர வேண்டியது. ஆகவே பழைய சக்கரங்களையும் அதே டயர்களையும் அதே காற்றழுத்தத்தில் புதிய பிரேமில் மாட்டி, தெரிந்த சாலையில், காற்றெழும் முன் விடியலில் ஓட்டுங்கள். நண்பர் அப்படித்தான் செய்தார். கையை எடுத்தால் நேராகப் போகிறதா, எழுந்து மிதிக்கும்போது பின்சக்கரம் தண்டில் உரசுகிறதா, வேகத்தில் வண்டியின் தலை ஆடுகிறதா: இந்த மூன்றுக்கு மட்டும் அவரிடம் பதில் கேட்டேன். மூன்றும் தேறின. முப்பது கிலோமீட்டர் தாண்டி ஒரு கிரீச் சத்தம். பி.பி. போய்விட்டது என்று அலறினார். முதலில் இருக்கைத் தண்டு, அடுத்து பெடல், அடுத்து சக்கர அச்சு, அதன்பின் தலைக்குழாய், கடைசியில்தான் பி.பி. என்ற வரிசையில் தேடச் சொன்னேன். இருக்கைத் தண்டிலேயே கிடைத்துவிட்டது.

அடி பட்டால் என்ன செய்வது என்ற கேள்வியோடு ஒருநாள் நாகைக்குப் போனோம். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கடற்கரையில் மரப் படகுகளின் இடத்தை ஃபைபர் படகுகள் பெருமளவில் பிடித்துக்கொண்டன. இழையையும் ரெசின் எனும் பிசினையும் சேர்த்து உடைந்ததை ஒட்டும் கைத்திறன் டெல்டாவில் இருக்கிறதென்றால் சைக்கிள் கடைகளில் அல்ல, இங்கே படகு பழுதுபார்க்கும் கொட்டகைகளில்தான் இருக்கிறது. அங்கிருந்த பெரியவர் சேதத்தைச் சுற்றிச் சரிவாகத் தேய்த்து, அடுக்குக்கு அடுக்கு அகலம் கூட்டி ஒட்டுவதை விளக்கினார். கார்பனுக்கும் முறை அதுவேதான். பொருள்தான் வேறு. படகுக்குப் பயன்படும் பாலியெஸ்டர் ரெசின், கார்பன் பிரேமின் பிசினான இறுகிய எபாக்சியின் மேல் நம்பும்படி ஒட்டாது. கண்ணாடி இழை விரிப்பும் இந்த வேலைக்கு ஆகாது. எபாக்சியும் கார்பன் துணியும் வாங்கி வந்தால் பின்தண்டு வரை செய்து தருவதாகச் சொன்னார். போர்க்கைத் தொடமாட்டேன் என்றார், நாங்கள் கேட்காமலேயே.

பிறகு வண்டியை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். விரல் கணுவால் கீழ்க்குழாயைத் தட்டினார். தலைகீழாகத் திருப்பி, பி.பி. கூட்டின் அடியைத் தடவிக்கொண்டே, "தம்பி, இதில் தண்ணீர் வெளியேறும் ஓட்டை எங்கே?" என்று கேட்டார். நாங்கள் அத்தனை சோதனை செய்தும் இதைப் பார்க்கவே இல்லை. அவரே கண்டுபிடித்தார், தொழிற்சாலையில் போட்ட துளையைப் பெயின்ட் மூடியிருந்தது. ஊசியால் குத்திவிட்டதும், முந்தைய வார மழைத்தண்ணீர் அரை டம்ளருக்கு மேல் மணலில் வடிந்தது.